பிறந்த வீட்டுச் சோறு

குருசாமியின் கருமாதி முடிந்து, வாடகைக்கு எடுத்த அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்து, ஊரிலிருந்து வந்தவர்களையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பியாயிற்று. வீரபாண்டியில் அந்த லைன் வீட்டில் இனி மூன்றே பேர். குருசாமியின் மனைவி ஒச்சாயி, மகன் முனீஸ், அவனுக்கு இளையவள் நாகஜோதி.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒச்சாயியின் தம்பி தவமணி வாசலில் செருப்பை மாட்டியபடி சொல்லிவிட்டுப் போனதில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

"ஞாயித்துக்கெழம மத்தியானச் சாப்பாடு என்னோடது. அடுப்பப் பத்த வச்சிராதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த இந்தக் குடும்பத்தில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும் வரை குழம்பைத் தாளிக்க மாட்டார்கள். முடிந்த பிறகு, புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சோறு வர வேண்டும். அண்ணனோ தம்பியோ தன் கையால் முதல் கவளத்தை எடுத்து அவள் இலையில் வைப்பான். பிறகு அவள் பிள்ளைகளுக்கு வைப்பான். அவள் அதை எடுத்து உண்டால் துக்கம் கழிந்தது.

கூடவே இன்னொன்றும் கழிந்துவிடும். வைத்தியத்துக்குக் கூட வரவில்லை, சொல்லி அனுப்பவில்லை, கடைசியாக முகம் பார்க்க விடவில்லை என்று அந்தச் சாவு குறித்து யார் மேல் என்ன மனத்தாங்கல் இருந்தாலும், கை நனைத்த பிறகு அதைப் பேசக் கூடாது. பேசுவதை எல்லாம் இலை போடுவதற்கு முன்னால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராவிட்டால் இலையில் உட்காரக் கூடாது. பெண் கொடுத்தவனும் எடுத்தவனும் வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க எந்தக் காலத்திலோ யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. பேசித் தீரக்கூடிய சங்கதியாக இருந்தால் நல்ல ஏற்பாடுதான்.

"யம்மா, தலவலின்னு சொல்லிப் படுத்துக்க" என்றாள் நாகஜோதி. "நாளைக்கு விசாரணை. அது முடியட்டும். அப்புறம் எங்க வேணா போய் உக்காந்து தின்னுவோம்."

ஒச்சாயி கொடியிலிருந்து சேலையை உருவி உதறினாள். "தம்பி கூப்புட்டிருக்கான். போகலைன்னா என்னன்னு நெனைப்பான்?"

"என்னமும் நெனைக்கட்டும். அப்பாவத் தொட்டிக்குள்ள எறக்கிவிட்டதே அவருதான்."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. பாத்தவன் இந்தா நிக்கிறான், கேளு."

முனீஸ் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தான். சீப்பு ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி வாரினான். மொட்டையடித்து இப்போதுதான் முளைத்திருந்த தலையில் வாருவதற்கு எதுவுமே இல்லை.

"கார் வந்திரும், கெளம்புங்க" என்றான்.

நாகஜோதி நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். தைத்து வரும் பனியனை உள்பக்கம் திருப்பிப் போட்டு, தையல் எங்கே விட்டிருக்கிறது, ஊசி எங்கே துணியைக் கடித்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. வெளியே பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அப்பாவின் சாவையும் அவள் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருசாமி வேலை பார்த்தது வீரபாண்டியில் மகுடேஸ்வரன் என்பவருடைய சாய ஆலையில். தவமணி அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். அக்கா வீட்டுக்காரரையும் அக்கா மகனையும் அங்கே சேர்த்துவிட்டதும் அவர்தான்.

அந்த ஆலைத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். பருத்தித் துணியில் சாயம் தானாக ஏறாது. தண்ணீரில் இருக்கிற சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். துணி தன் பங்குச் சாயத்தை எடுத்துக்கொண்டதும், உப்பும் மிச்சச் சாயமும் பஞ்சுமாக மீந்த தண்ணீர் குழாயில் ஓடித் தரைக்குக் கீழே ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து மோட்டார் அதை உறிஞ்சிச் சுத்திகரிக்க அனுப்பும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் வரை பயமில்லை. மோட்டார்க் குழாயின் வாயில் பஞ்சு அடைத்துத் தண்ணீர் தேங்கினால், அடியில் சேறு தங்கும். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் கிருமிகள் உப்பைத் தின்று ஒரு வாயுவை விடும்.

முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றுவிடும். வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். வாயு அங்கேயேதான் இருக்கும், மூக்குதான் மரத்துப் போயிருக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் சேற்றின் மேலேயே படுத்துக் கிடக்கும். அடைப்பை எடுக்க ஒருவன் குனிந்து சேற்றைக் கிளறினால் முகத்துக்கு நேரே எழும்பும். அதற்குப் பிறகு கத்துவதற்குக்கூட மூச்சு இருக்காது.

அதனால்தான் இறங்குவதற்கு முன் காற்று ஊதும் ப்ளோயரை ஓட்ட வேண்டும், வாயு பார்க்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும், இறங்குகிறவன் இடுப்பில் பெல்ட் போட்டு மேலே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். ஆலையில் ப்ளோயர் இருந்தது. ஸ்டோர் ரூமில், பூட்டி.

தவமணியின் கணக்கு வேறு. குருசாமியின் செல்போன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல், யாரும் சொல்லாமல், அவராகவே அதை எடுக்க இறங்கினார். நாளைக் காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் விசாரணையில் ஒச்சாயியும் முனீஸும் அதையே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், செல்போனுக்கு ஆசைப்பட்டுச் செத்தவர் என்று குருசாமியின் கதை முடிந்துவிடும். இறக்கிவிட்டவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள்.

நாகஜோதிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா அதற்கு முன்னால் மாமன் சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் அம்மா பேச மாட்டாள். அவளுக்கு அம்மாவைத் தெரியும்.

கார் வந்து ஹாரன் அடித்தது.

*

அவிநாசி ரோட்டில் அந்த ஓட்டலை வெளியிலிருந்து அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆர்டர் கொடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் தங்கும் இடம். வாசலில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தபோது ஒச்சாயி ஒரு அடி பின்வாங்கினாள்.

"கடிக்காதுக்கா, வா" என்று தவமணி சிரித்தார். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. "ஊரா இருந்தா துக்கம் மாத்த சினிமாவுக்குக் கூட்டிப் போயி, புரோட்டாக் கடையில உக்காத்தி வச்சு அனுப்பிருவாய்ங்க. எம் மச்சானுக்கு அப்பிடிச் செஞ்சா நல்லாவா இருக்கும்?"

உள்ளே உணவுக்கூடத்தின் வாசலில் மேசை போட்டு ஒரு பெண் நின்றிருந்தாள்.

"வாங்க சார். புக் பண்ணியிருக்குங்களா?"

"தவமணி. நாலு பேரு."

அவள் திரையில் தேடினாள். "அந்தப் பேர்ல இல்லீங்களே. ஏனுங்க, மகுடேஸ்வரன் சார் ஆபீஸ்ல இருந்து நாலு பேருக்குச் சொல்லியிருந்தாங்க, அதுங்களா?"

"ஆமா, ஆமா, அதான். போலாமா?" தவமணி அவள் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே நடந்தார்.

நாகஜோதி நின்றுவிட்டாள். பின்னால் அம்மா சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்தியபடி, குளிரும் காற்று எங்கிருந்து வருகிறது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிச் சுவரை ஒட்டிய மேசை. வெளியே கார் நிறுத்தும் இடம் தெரிந்தது. மேசை மேல் துணியை விசிறி போல மடித்து வைத்திருந்தார்கள். ஒச்சாயி அதைக் கலைக்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அங்க பாருக்கா" என்று தவமணி கை நீட்டினார். "அந்தக் கடைசி இத்தாலிக்காரன் சாப்பாடு. நடுவுல சைனா. இந்தப் பக்கம் நம்ம ஊரு பிரியாணி. உலகத்துல இருக்க அம்புட்டு நாட்டுச் சோறும் இருக்கு."

"உசிலம்பட்டிச் சோறு இருக்கா மாமா?" என்றாள் நாகஜோதி.

"தயிர்ச்சோறு இருக்குடி வாயாடி." சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் சிரிக்கவில்லை. பரிமாற ஆள் வரும் என்று அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் வரவில்லை. அந்தப் பக்கமாகப் போன பையனை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார். "தம்பி, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டா. நான் வச்சுக்கிருவேன்."

"பஃபேங்க சார். நீங்களே போயி எடுத்துக்கணுங்க. தட்டு அங்க அடுக்கியிருக்குதுங்க."

தவமணி இதை எதிர்பார்க்கவில்லை. ஆலை மேனேஜரோடு ஒரு முறை இங்கே வந்து கீழே காபி குடித்துவிட்டுப் போனதோடு சரி. ஊருக்கே தெரிகிற மாதிரி பெரிய இடமாகப் பார்த்தவர், இங்கே யாரும் யாருக்கும் பரிமாற மாட்டார்கள் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டார். அவரவர் தட்டு, அவரவர் கை.

"அதுக்கென்ன" என்று எழுந்தார். "நீ உக்காருக்கா. நான் எடுத்தாந்து ஓந் தட்டுல வைக்கிறேன். முனீசு, நீயும் உக்காருடா."

நாகஜோதி அவர் பின்னாலேயே போனாள்.

*

தட்டுகள் சூடாக இருந்தன. அடுக்கி வைத்த பெட்டிக்குள்ளேயே வெப்பம் போகிறது போலிருக்கிறது. தவமணி இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டார். பிரியாணிப் பாத்திரத்தின் முன் நின்றபோது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார்.

"வணக்கமுங்க சார்... வந்துட்டோமுங்க. எல்லாரும் வந்துட்டாங்க... இல்லீங்க, இன்னும் சாப்புடலீங்க. இப்பத்தான் எடுக்குறோமுங்க... அதெல்லாம் எங்கக்கா நான் சொன்னாக் கேக்குமுங்க. கை நனைச்சிட்டா முடிஞ்சதுங்க, எங்க சனத்துல அதுதான் பேச்சுங்க... சரிங்க. சரிங்க."

போனைப் பையில் போட்டபோது நாகஜோதி பக்கத்தில் நின்றாள்.

"நம்ம சனத்துப் பேச்ச அங்க போயி வித்துட்டீங்களா மாமா?"

தவமணி திடுக்கிடவில்லை. கரண்டியால் பிரியாணியை அள்ளித் தட்டில் வைத்தார். கறித்துண்டாகப் பார்த்து எடுத்தார்.

"ஜோதி, நீ படிச்ச பிள்ள. சொன்னாப் புரியும். உங்கப்பன் செத்தது செத்ததுதான். திரும்பி வரப்போறதில்ல. முனீசுக்கு அப்பன் பாத்த வேலையவே பேசி முடிச்சிருக்கேன். நெரந்தரமா. நாளைக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா அம்புட்டுத்தான்."

"பொய்ய."

"எதுடி பொய்?"

"போன் விழுந்துச்சுங்கிறது. அவரா எறங்குனாருங்கிறது. நீங்க சொல்லித்தான் எறங்குனாரு."

"நானா?" தவமணி சுற்றும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "நான் அன்னைக்கிப் பல்லடத்துல இருந்தேன். மோட்டார் நின்னுபோச்சுன்னு மேனேஜர் கத்துனான். நான் போன் போட்டேன், வாஸ்தவந்தான். ஆனா யாருக்குப் போட்டேன்? உங்கப்பனுக்கா?"

கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஓங்கண்ணனுக்குப் போட்டேன். 'அப்பன எறங்கி அடைப்ப எடுக்கச் சொல்லு'ன்னேன். அவந்தான் போயிச் சொன்னான். அப்பன எறங்கச் சொன்ன வாயி எது? கயித்தப் பிடிக்காம நின்ன கையி எது? நாளைக்கு நீ திருப்பிப் போட்டுக் கிண்டுனா மொதல்ல வர்ற பேரு யாரு பேரு? அதத்தான் நான் மூடி வச்சிருக்கேன். ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்குவாளா, சொல்லு?"

சூட்டு விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பிரியாணி மேல் விழுந்துகொண்டிருந்தது. நாகஜோதி அதையே பார்த்தபடி நின்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் முனீஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தவன், கொள்ளி வைத்தபோதும் வாய் திறக்காதவன். துக்கத்தில் அப்படி இருக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தவமணி அவளைத் தாண்டி மேசைக்கு நடந்தார்.

கொஞ்சம் தள்ளி, வரிசையின் மறு முனையில், அம்மாவின் குரல் கேட்டது.

"இத எப்பிடித் தம்பி தொறக்குறது?"

ஒச்சாயி கையில் ஒரு தட்டோடு நின்றிருந்தாள். பரிமாறும் மேசையைப் பார்த்துக்கொள்ளும் பையன் அவளுக்கு உருட்டு மூடியைத் தூக்கிக் காட்டினான்.

"இப்பிடி மேல தள்ளுனாப் போதுங்கம்மா. தானா நிக்கும். பாத்துங்க, ஆவி அடிக்கும்."

"அடியில நெருப்பா எரியுது? சோறு தீய்ஞ்சு போகாதா?"

"இல்லீங்கம்மா. ரெண்டு பாத்திரமுங்க இது. மேல சோறு, கீழ தண்ணி, அதுக்கும் கீழதான் நெருப்பு. தண்ணி சூடாகி அந்த ஆவியிலதான் சோறு ஆறாம நிக்குதுங்க."

"தண்ணி வத்திப்போச்சுன்னா?"

"வத்த விட மாட்டமுங்க. பாத்துப் பாத்து ஊத்துறதுக்குன்னே ஒரு ஆளு இருக்காருங்க."

"அதுக்குன்னே ஒரு ஆளா" என்றாள் ஒச்சாயி.

வெள்ளைச் சோறு இரண்டு கரண்டி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ரசம் இருந்தது. ஊற்றிக்கொண்டாள். கோஸ் பொரியல் கொஞ்சம். பிரியாணியையும் சைனாவையும் இத்தாலியையும் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, சிந்தாமல், மேசையை நோக்கி நடந்தாள்.

*

அவர்கள் வருவதற்குள் மேசையில் ஒரு காரியம் முடிந்திருந்தது.

அக்காவின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, கை கழுவப் போயிருப்பாள் என்று நினைத்த தவமணி, முறை மாறினாலும் பரவாயில்லை என்று முதலில் முனீஸின் தட்டில் ஒரு பிடி பிரியாணியை எடுத்து வைத்திருந்தார். முனீஸ் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிராமல், மெல்லாமல் விழுங்குகிறவன் போல.

ஒச்சாயி உட்கார்ந்தாள். தன் தட்டைத் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குக்கா எந்திரிச்சுப் போன?" தவமணி அவசரமாக ஒரு கவளத்தை உருட்டி எடுத்து அவள் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். "இந்தா. நம்ம அம்மா குடுத்ததா நெனச்சுக்க."

ஒச்சாயி இடது கையை விரித்துத் தட்டை மூடிக்கொண்டாள். பந்தியில் போதும் என்று சொல்கிறவர்கள் மூடுவது போல.

"வேணாம். நானே எடுத்துக்கிட்டேன்."

தவமணியின் கை அந்தரத்தில் நின்றது. கவளத்திலிருந்து ஒரு பருக்கை மேசைத் துணியில் விழுந்தது.

"அக்கா. பிறந்த வீட்டுச் சோத்த மறிக்கக் கூடாது."

"பிறந்த வீட்டுச் சோறா இது? வாசல்ல அந்தப் பிள்ள மொதலாளி பேரச் சொல்லுச்சே. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?"

"பேரு மட்டுந்தாங்க்கா அவரு பேரு..."

"கஞ்சி ஊத்தியிருந்தாலும் குடிச்சிருப்பேண்டா. ஓ வீட்டு அடுப்புல காச்சி." அவள் குரல் உயரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கவுமில்லை. "இது சாப்பாடு. பசிக்குது, திங்கிறேன். துக்கம் எனக்கு இன்னும் கழியல."

ரசச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டாள். நாகஜோதி அம்மாவின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் காலையிலிருந்து ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் எதிரே அண்ணன் இருந்தான். அம்மாவைப் பேச விடக் கூடாது என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது.

"யம்மா, வீட்டுல போயிப் பேசிக்கலாம்."

"முனீசு" என்றாள் ஒச்சாயி.

அவன் நிமிர்ந்தான்.

"அப்பா போன் எங்கடா?"

"தொட்டியில..."

"என்னயப் பாத்துச் சொல்லு."

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தான். அதுவே பதிலாக இருந்தது.

"அவரு எறங்குறதுக்கு முன்னாடி எனக்குப் போன்ல பேசுனாரு" என்றாள் ஒச்சாயி. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'சோத்துக்கு வர நேரமாகும், நீ சாப்புடு. ஒந் தம்பி அடைப்ப எடுக்கச் சொல்லியிருக்கானாம், முனீசு வந்து சொல்றான். நாத்தம் கொடலப் புடுங்குது, இந்தா போன அவங்கையில குடுத்துட்டு எறங்குறேன்'னாரு. போனு உள்ள விழுந்துச்சாம். இவனும் சொல்றான், நீயும் சொல்ற. நானும் இத்தன நாளாக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

நாகஜோதி அம்மாவைப் பார்த்தாள். ஒப்பாரி வைத்த இரவுகளில், கருமாதிக்கு அரிசி அளந்தபோது, தம்பி வந்து தின்பண்டம் வைத்துவிட்டுப் போனபோது, எல்லா நேரமும் அம்மா இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான் முனீஸ். உதடு கோணியது. "மாமா சொன்னாரு, போயிச் சொன்னேன். மோட்டார் ஓடலன்னா சாயத்துல கெடக்குற துணி லாட்டு பூராம் வீணாப் போகும்னு மேனேஜர் நின்னாரு. ஸ்டோர் சாவி யாருகிட்டயும் இல்ல. உள்ள அப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா."

"அப்பன் சத்தம் போடவே இல்லம்மா."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விசிறியாக மடித்திருந்த துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

தவமணி கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "பாத்தியாக்கா? இப்பப் புரியுதா நான் ஏன் போன் கதையச் சொன்னேன்னு? ஓ மகனக் காப்பாத்தத்தான். நாளைக்கு நீ வாயத் தொறந்தா அவன் பேரும் வரும். பெத்த பிள்ளையக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"காப்பாத்தி என்ன செய்யப் போற?" என்று கேட்டாள் ஒச்சாயி. "அவனுக்கு என்ன வேல பேசியிருக்க?"

தவமணி கை துடைத்த துணியை மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

"அவரு பாத்த வேலதான? அதே தொட்டிதான? அடுத்த தடவ மோட்டாரு அடைச்சா நீ எங்கயோ இருந்து போன் போடுவ. எம்மகன் எறங்குவான். நீ இன்னொரு போன் கதை சொல்லி, இதே மாதிரி ஒரு ஓட்டல்ல எனக்குச் சோறு போடுவ."

"அக்கா!"

"நாளைக்கு எல்லாத்தையும் சொல்லுவேன். நீ போன் போட்டதச் சொல்லுவேன். மேனேஜர் நின்னதச் சொல்லுவேன். இவன் போயிச் சொன்னதையும் சொல்லுவேன்."

"என் பேருமாம்மா?" என்றான் முனீஸ். சின்ன வயதில் அடி விழும் என்று தெரிந்து கேட்கிற குரல்.

"ஒம் பேருந்தாண்டா. ஒன்ன விட்டுட்டுச் சொன்னா அது பொய். ஒரு பொய் சொல்லிட்டா அங்க உக்காந்திருக்கவுக மத்ததையும் நம்ப மாட்டாக." ஒச்சாயி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நீயே உன் வாயால சொல்லிட்டா நான் சொல்ல வேண்டியதில்ல."

இத்தாலி மேசைப் பக்கம் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள் போல, கைதட்டல் கேட்டது. பரிமாறும் பையன் தண்ணீர் ஊற்ற வந்தவன், நான்கு முகங்களையும் பார்த்துவிட்டு ஊற்றாமலே திரும்பிப் போனான்.

தவமணி எழுந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது.

"நல்லது. ஓ இஷ்டம். இனிமே பிறந்த வீடுன்னு ஒண்ணு ஒனக்கு இல்ல." பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். "முனீசு, வாடா. நான் வச்ச சோத்தத் தின்னுருக்க. ஒனக்கு நான் இருக்கேன். இவளுக ஒன்னய ஜெயிலுக்கு அனுப்பிட்டு வேடிக்க பாப்பாளுக. வா, வக்கீலப் பாப்போம்."

முனீஸ் அம்மாவைப் பார்த்தான். போகாதே என்று அவள் சொல்வாள் என்று நாகஜோதி காத்திருந்தாள். ஒச்சாயி சொல்லவில்லை. நாகஜோதி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரியாணி எண்ணெயில் வழுக்கியது. அவன் உதறவில்லை, மெல்ல உருவிக்கொண்டான்.

எழுந்தான். மாமா முன்னால் நடக்க, பத்தடி பின்னால், கையைக்கூடக் கழுவாமல் போனான்.

தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவர்களை வெளியே விட்டு மூடிக்கொண்டது.

ஒச்சாயி ரசச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் உண்டாள். அவளுக்கு முதுகுப் பக்கம் கண்ணாடிச் சுவர். பக்கத்திலிருந்த நாகஜோதி கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், வெளியே வெயிலில் காயும் கார்கள். தவமணி தன் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். மறுபக்கக் கதவையும் உள்ளிருந்தபடியே தள்ளித் திறந்துவிட்டார். முனீஸ் அந்தக் கதவுக்கு வெளியே நின்றான்.

"போயிட்டானா?" என்றாள் ஒச்சாயி.

"இல்லம்மா. நிக்கிறான்."

"மாமன் என்ன செய்றான்?"

"ஹாரன் அடிக்கிறாரு. ஏறச் சொல்றாரு."

"ஏறுறானா?"

"நிக்கிறாம்மா. கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நீ திரும்பிப் பாரு. நீ பாத்தா வந்துருவான்."

ஒச்சாயி திரும்பவில்லை. தட்டின் ஓரத்தில் ஒதுங்கிய சோற்றை நடுவுக்குத் தள்ளினாள்.

"நான் பாத்து வந்தான்னா, நாளைக்கும் நான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றாள். "நீ பாரு. ஏறிட்டான்னாச் சொல்லு."